குழந்தை பிறந்த பிறகும் பிரஷர் பார்க்கச் சொல்லுங்கள்: மூன்றாம் நாள் டிஸ்சார்ஜில் எனக்கு நடந்தது

மகன் பிறந்து ஏழு மாதம் ஆகிறது. இதை எழுத இப்போதுதான் தெம்பு வந்திருக்கிறது. பிரசவத்துக்கு நாள் நெருங்கியவர்களும், அவர்களுக்குத் துணையாக ஆஸ்பத்திரியில் இருக்கப் போகிறவர்களும் தயவுசெய்து முழுவதும் படியுங்கள்.

35வது வாரத்தில் வழக்கமான பரிசோதனைக்குப் போன அன்று எனக்கு பிரஷர் 168/112. சிறுநீரில் புரதம் போயிருந்தது. ப்ரீஎக்ளாம்ப்சியா என்றார்கள், அதாவது கர்ப்பத்தில் பிரஷர் ஏறி, வலிப்பு வரை கொண்டுபோகக்கூடிய நோய். அன்று இரவே அவசர சிசேரியன். மகனை ஒரு நொடி என் முகத்தருகே காட்டிவிட்டு, மூச்சுத் திணறுகிறது என்று தீவிர சிகிச்சைப் பிரிவுக்குத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். அதுவரை நடந்ததில் எனக்கு ஒரு குறையும் இல்லை. ஆபரேஷன் தியேட்டரில் இருந்தவர்கள்தான் எங்கள் இருவரையும் காப்பாற்றினார்கள். என் கோபம் அதற்கு அப்புறம் நடந்ததைப் பற்றியது.

"குழந்தை வெளியே வந்துடுச்சு, இனி பிரஷர் தானா இறங்கிடும்மா." வார்டில் எல்லோரும் இதையே சொன்னார்கள். நானும் நம்பினேன். இது பாதிதான் உண்மை. இந்த நோய்க்கு மூலம் நஞ்சுக்கொடி. அது வெளியேறினால்தான் நோய் தணியத் தொடங்கும், ஆனால் அன்றைக்கே தணிந்துவிடாது. கர்ப்பத்தில் உடம்பில் தேங்கிய நீர் ரத்தத்துக்குத் திரும்பும்போது, மூன்றாம் நாளிலிருந்து ஆறாம் நாளுக்குள் பிரஷர் மறுபடி ஏறுவது உண்டு.

என்னை வீட்டுக்கு அனுப்பியது சரியாக அந்த மூன்றாம் நாள். காலையில் யாரும் பிரஷர் பார்க்கவில்லை. மருந்துச் சீட்டில் இரும்புச்சத்து மாத்திரை இருந்தது, வலி மாத்திரை இருந்தது, அதுவரை கொடுத்துவந்த பிரஷர் மாத்திரை இல்லை. மறுபடி வரச் சொன்னது ஆறு வாரம் கழித்து. மகன் இன்னும் உள்ளேதான் இருந்தான். வெறுங்கையோடு வீட்டுக்கு வந்தேன்.

ஐந்தாம் நாள் தலைவலி. நெற்றிக்குள் யாரோ இடிப்பது போல இருந்தது, மாத்திரைக்கு அடங்கவில்லை. மாலையில் கண் முன்னால் மின்னல் மின்னலாகத் தெரிந்தது. கணவர் வார்டுக்கு இரண்டு முறை போன் செய்தார். "தூக்கமில்லாததால வர்ற தலைவலி சார், ரெஸ்ட் எடுக்கச் சொல்லுங்க" என்று இரண்டு முறையும் ஒரே பதில். பிரஷர் எவ்வளவு என்று கேட்கவில்லை. நான் எதற்காகச் சிசேரியன் செய்துகொண்டவள் என்றும் கேட்கவில்லை.

ஆறாம் நாள் விடியற்காலையில் எனக்கு வலிப்பு வந்தது. எனக்கு நினைவே இல்லை. பார்த்தவர் கணவர்தான். நான் செத்துக்கொண்டிருக்கிறேன் என்றே நினைத்தாராம்.

வேறு ஆஸ்பத்திரியில் சேர்த்தபோது 182/118. மெக்னீசியம் சல்பேட் ஏற்றினார்கள், உடம்பெல்லாம் தீப்பிடித்தது போல ஒரு சூடு. இது ஒன்றும் புது மருந்தில்லை. 33 நாடுகளில் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட பெண்களிடம் நடத்தி 2002இல் வெளியான ஓர் ஆய்வு, இது வலிப்பு வரும் வாய்ப்பைப் பாதிக்கு மேல் குறைக்கிறது என்று காட்டியிருக்கிறது. என் பிரஷரை யாராவது பார்த்திருந்தால் வலிப்பு வரும் முன்பே இதைக் கொடுத்திருக்கலாம்.

மகனை நான் முதன்முதலில் மடியில் வாங்கியது பதினோராம் நாள். அழுகை வரும், பாசம் பொங்கும் என்று காத்திருந்தேன். எதுவும் வரவில்லை. யாருடைய குழந்தையையோ பார்த்துக்கொள்ளச் சொன்னது போல இருந்தது. "ரெண்டு பேரும் பிழைச்சு வந்துட்டீங்களே, அப்புறம் என்ன?" என்று கேட்டவர்கள் நல்ல எண்ணத்தில்தான் கேட்டார்கள். ஆனால் அதைக் கேட்ட பிறகு வாய் திறக்கவே முடியவில்லை. ஏதாவது கருவி 'பீப்' என்றால் இருவருக்கும் நெஞ்சு படபடக்கும். கணவர் ராத்திரியில் எழுந்து நான் மூச்சு விடுகிறேனா என்று பார்ப்பார். பிரசவ அதிர்ச்சி தாயை மட்டுமில்லை, பக்கத்தில் நின்று பார்த்தவரையும் பிடிக்கும் என்று மனநல ஆலோசகர் சொன்ன பிறகுதான் அவரும் பேச ஆரம்பித்தார். மகன் எப்போது என் மகனானான் என்று நாள் குறித்துச் சொல்லத் தெரியாது. மூன்றாவது மாதத்தில் ஒருநாள், அவன் தும்மியதற்கு நான் பதறி ஓடியது நினைவிருக்கிறது.

உங்களுக்குக் கர்ப்பத்தில் பிரஷர் இருந்திருந்தால், வீட்டுக்குக் கிளம்பும் அன்று அளந்த எண்ணை எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். மாத்திரையைத் தொடரணுமா என்று வாய்விட்டுக் கேளுங்கள். ஆறு வாரம் காத்திருக்கவே கூடாது. கடுமையான பிரஷர் இருந்தவர்களுக்கு 72 மணி நேரத்துக்குள்ளும், மற்றவர்களுக்கு 7 முதல் 10 நாளுக்குள்ளும் மறுபடி பார்க்க வேண்டும் என்பது அமெரிக்க மகப்பேறு மருத்துவர்களின் வழிகாட்டுதல். அடங்காத தலைவலி, கண்ணில் மின்னல், வலது விலாவுக்குக் கீழே வலி, மூச்சு வாங்குவது, இதில் எது வந்தாலும் போனில் கேட்டுக்கொண்டிருக்காமல் நேரே போங்கள். 160/110ஐத் தொட்டால் வேறு அறிகுறி எதுவும் இல்லாவிட்டாலும் அவசரம்தான். போன இடத்தில் முதல் வார்த்தையாக "இத்தனை நாள் முன்னால் பிரசவம் ஆனது" என்று சொல்லுங்கள். ஆறு வாரம் வரை இந்த ஆபத்து உண்டு.

பிறகு என் கேஸ் ஷீட்டின் நகலைக் கேட்டு வாங்கினேன். டிஸ்சார்ஜுக்கு முந்தைய இரவு ஒன்பது மணிக்கு 154/98 என்று குறிப்பு. அதற்கு அப்புறம் கட்டங்கள் காலி. டிஸ்சார்ஜ் சம்மரியில் மட்டும் "ரத்த அழுத்தம் இயல்பு நிலையில்" என்று அச்சாகியிருந்தது. அளக்காத பிரஷரை இயல்பு என்று எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். புகார் எழுதினேன். விதிமுறைப்படியே எல்லாம் நடந்ததாக நான்கு வரியில் பதில் வந்தது. அந்தக் காலிக் கட்டங்களின் நகலை இணைத்து மறுபடி அனுப்பியிருக்கிறேன்.