தைப்பூசம் இல்லாத நாளில் தண்ணீர்மலை

கோலாலம்பூரில் இருந்து வருடா வருடம் தைப்பூசத்துக்குப் பினாங்கு போகிற குடும்பம் எங்களுடையது. அதனால் தண்ணீர்மலை என்றாலே எனக்குத் தண்ணீர்ப் பந்தல், உறுமி மேளம், தேங்காய் உடைத்த ரோடு, கூட்டத்தில் அம்மாவின் கையை விடாமல் பிடித்துக்கொண்டு நடந்தது, இவ்வளவுதான் ஞாபகம். அந்த ரோட்டோரம் இத்தனை மரங்கள் நிற்பதைப் போன மாதம் ஒரு புதன்கிழமை காலையில்தான் சரியாகப் பார்த்தேன்.

ஜார்ஜ்டவுன் படகுத்துறையான ஜெட்டியில் 10ஆம் எண் பஸ் ஏறினால் தாவரவியல் பூங்கா வரை போகலாம். நாங்கள் பசியாறிவிட்டுக் கிளம்பி, கோயில் பக்கமே இறங்கிக்கொண்டோம். தைப்பூசத்துக்குப் பினாங்கு ஸ்திரீட் கோயில் வீட்டிலிருந்து முருகனின் வெள்ளி ரதம் வந்து சேரும் நகரத்தார் கோயில் 1857இல் எழுந்தது. அன்று வாசலில் ஒரு சத்தம் இல்லை, நின்று நிதானமாகக் கும்பிட முடிந்தது. மலைக்கோயிலுக்கு 513 படி, அம்மாவுக்கு முட்டிவலி, கீழேயிருந்தே கும்பிட்டுக்கொண்டார்.

அப்புறம் பூங்கா. பழைய கருங்கல் குவாரி இருந்த இடத்தில் 1884இல் சார்லஸ் கர்டிஸ் உருவாக்கியது, நுழைவுக்குக் காசு இல்லை. உள்ளே நாகலிங்க மரத்தைப் பார்த்ததும் அம்மா அப்படியே நின்றுவிட்டார். பூ கிளையில் இல்லை, அடிமரத்திலேயே கயிறு கயிறாகத் தொங்கி அதில் பூத்திருக்கிறது, உள்ளே குட்டி லிங்கமும் அதன் மேல் படம் விரித்த நாகமுமாக. தென்னமெரிக்காவில் பிறந்த மரம் அது என்று சொன்னேன், அம்மா நம்பவில்லை, நம் சிவன் கோயில் மரம் அங்கே எப்படிப் போனது என்று கேட்டார்! விழுந்து கிடந்த ஒரு பூவைக் கையில் ஏந்தி ரொம்ப நேரம் முகர்ந்துகொண்டிருந்தார். காய் பீரங்கிக் குண்டு மாதிரி கனமானது, அடியில் மட்டும் உட்காராதீர்கள்.

கண்ணைச் சுற்றி வெள்ளை வளையம் போட்ட லோத்தோங் குரங்குகள் மரத்தின் மேலேயே இருந்தன, ஒன்று ஆரஞ்சு நிறக் குட்டியை மார்பில் அணைத்திருந்தது. நீண்ட வால் குரங்குகள் வேறு ரகம். வாழைப்பழப் பையை அம்மாவின் கையிலிருந்து பிடுங்கிக்கொண்டு போய்விட்டது ஒன்று. பிளாஸ்டிக் பை வேண்டாம், தின்ன எதுவும் கொடுக்கவும் வேண்டாம்.

ஒரே வருத்தம், இணையத்தில் பார்த்து ஒரு வழிகாட்டிக்குப் பணம் கட்டியது. படம் எடுக்க நல்ல இடங்களைக் காட்டினார், மரத்தைக் கேட்டால் பெயர்கூடச் சொல்லவில்லை, அரை மணியில் கிளம்பிவிட்டார். அந்தச் செலவு தேவையே இல்லை, பூங்காப் பாதை சுலபம், வயதானவர்கள் நடக்கலாம். காலை 7 மணிக்குப் போய்விடுங்கள், 10 மணிக்கு மேல் வெயில் தாங்காது. நாங்கள் அடுத்த பள்ளி விடுமுறையில் அக்கா பிள்ளைகளோடு மறுபடியும் போகிறோம், அந்தப் பூவைக் காட்ட வேண்டுமாம் அம்மாவுக்கு.