டெல்லி–ஆக்ரா–ஜெய்ப்பூர் பேக்கேஜ்: மீதிப் பணம் கட்டும் முன் கிழமையைப் பாருங்கள்

தாஜ்மஹால் வெள்ளிக்கிழமை சுற்றுலாப் பயணிகளுக்குத் திறக்காது. வட இந்தியா டூர் நடத்துகிற யாருக்கும் இது தெரியாமல் இருக்காது. இருந்தும் வெள்ளிக்கிழமையை ஆக்ராவுக்கு ஒதுக்கி, மதுரையிலிருந்து போன சில குடும்பங்களிடம் ஒரு ஏஜென்ட் முழுப் பணத்தையும் வாங்கியிருக்கிறார். ஆக்ரா போனதும் டிரைவர் வண்டியை யமுனைக்கு அக்கரையில் இருக்கும் மெஹ்தாப் பாக் தோட்டத்துக்கு விட்டார். அங்கிருந்து தாஜின் பின்புறம் ஆற்றுக்கு மேலே நன்றாகத் தெரியும், ஆனால் உள்ளே போக வழியில்லை. அத்தனை தூரம் வந்த பெரியவர்கள் அக்கரையில் நின்று பார்த்துவிட்டுத் திரும்பினார்கள். போனில் கேட்டதற்கு, "பேப்பரில் 'தாஜ் வியூ'ன்னுதானே போட்டிருக்கோம் சார்" என்று பதில் வந்தது.

பயணத்திட்டம் கைக்கு வந்ததும் ஒவ்வொரு தேதிக்கும் பக்கத்தில் கிழமையை எழுதுங்கள். தாஜ் வெள்ளி விடுமுறை. டெல்லி செங்கோட்டை, தேசிய அருங்காட்சியகம், அக்ஷர்தாம் மூன்றும் திங்கள் விடுமுறை. டெல்லி நிஜாமுதீன் ஸ்டேஷனிலிருந்து ஆக்ரா போகும் கதிமான் எக்ஸ்பிரஸ் ரயில் வெள்ளிக்கிழமை ஓடாது. வெள்ளியன்று ஆக்ராவில் இருந்தே ஆகவேண்டும் என்றால் கோட்டை, ஃபதேபூர் சிக்ரி, நூர்ஜஹான் தன் தந்தைக்குக் கட்டிய இதிமாத்-உத்-தௌலா சமாதி ஆகியவற்றை அன்று முடித்துவிட்டு, இரவு தங்கி, சனி விடிகாலையில் தாஜுக்குப் போகலாம். அந்தச் சமாதியைப் பல பேக்கேஜ்கள் விட்டுவிடுகின்றன. வெள்ளைப் பளிங்கில் வண்ணக்கல் பதிக்கும் வேலையை, தாஜ் கட்டப்படுவதற்கு முன்பே செய்ததை, அங்கே பார்க்கலாம், விடாதீர்கள். டிசம்பர், ஜனவரியில் மட்டும் விடிகாலைத் திட்டம் வேண்டாம். மூடுபனியில் கட்டடமே தெரியாது, ரயில்களும் மணிக்கணக்கில் தாமதமாகும்.

அடுத்தது டிக்கெட். "என்ட்ரி உட்பட" என்று போட்டிருந்தாலும் எந்த என்ட்ரி என்று கேளுங்கள். தாஜில் இந்தியர்களுக்கு 50 ரூபாய், சமாதி மேடை ஏற இன்னொரு 200 ரூபாய். பேக்கேஜில் 50 ரூபாய் சீட்டை மட்டும் வாங்கிக் கொடுத்துவிடுவார்கள். தோட்டத்தில் நடக்கலாம், மேடை ஏற முடியாது. இலங்கை பாஸ்போர்ட் வைத்திருப்பவர்களுக்கு சார்க் (தெற்காசிய நாடுகளின் கூட்டமைப்பு) கட்டணம் 540, மேடைக்கு அதே 200. மற்ற வெளிநாட்டவருக்கான 1,100 ரூபாயை இவர்களிடம் வசூலித்தால் விடாதீர்கள். 15 வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்கு டிக்கெட்டே கிடையாது. சீட்டு மூன்று மணி நேரத்துக்குத்தான் செல்லும். தொல்லியல் துறையின் இணையதளத்தில் நீங்களே எடுத்துவிடுவது உத்தமம்.

பணம் உண்மையில் கரைவது கடையில். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு "ஷாஜஹான் காலத்துக் கைவினைஞர் வம்சம்" என்று சொல்லி ஒரு எம்போரியத்துக்கு அழைத்துப் போவார்கள். டிரைவருக்கும் கைடுக்கும் கமிஷன் உண்டு, அது உங்கள் பில்லில்தான் ஏறும். டார்ச் அடித்து, ஒளி ஊடுருவுகிறது பாருங்கள், அசல் பளிங்கு என்பார்கள். அது போதாது. அலபாஸ்டர் என்ற மலிவான மென்கல்லிலும் ஒளி ஊடுருவும். பொருளின் அடிப்பக்கத்தில் கட்டைவிரல் நகத்தால் அழுத்திக் கீறுங்கள். மாவுக்கல்லிலும் அலபாஸ்டரிலும் கோடு விழும், பளிங்கில் விழாது. வீட்டுக்கு அனுப்பிவைக்கிறோம் என்று முழுப் பணம் கேட்டால், கையில் எடுத்துப்போக முடிந்ததை மட்டும் வாங்குங்கள்.

ஃபதேபூர் சிக்ரியில் புலந்த் தர்வாசா என்ற பெரிய வாயில், சலீம் சிஷ்தி தர்கா உள்ள மசூதிப் பக்கம் நுழைவு இலவசம், அரண்மனைப் பக்கத்துக்கு மட்டும்தான் டிக்கெட். தர்காவில் போர்வை சாத்தச் சொல்லி ஆயிரக்கணக்கில் கேட்பவர்களுக்குக் கொடுக்கவேண்டிய கட்டாயம் எதுவும் இல்லை. கைடு என்று வருபவரிடம் அரசு அடையாள அட்டையைக் காட்டச் சொல்லுங்கள்.

ஏஜென்டிடம் இவை வாட்ஸ்அப்பிலாவது எழுத்தில் இருக்கட்டும்: தாஜ் உள்ளே நுழையும் தேதி, மேடை டிக்கெட் சேர்த்தியா, ஹோட்டல் பெயர், கடைக்கு நிறுத்தம் இல்லை என்ற உறுதி. எழுதித் தர மறுத்தால் அட்வான்ஸோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

ஏமாந்துவிட்டால் முதலில் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. தமிழிலேயே பேசலாம். அதில் தீராவிட்டால், 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, ஏஜென்ட் டெல்லியில் இருந்தாலும் நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்து நுகர்வோர் ஆணையத்திலேயே வழக்குப் போடலாம். கட்டிய தொகை 5 லட்சம் வரை என்றால் கட்டணம் இல்லை. இரண்டு ஆண்டுக்குள் போடவேண்டும். வாட்ஸ்அப் உரையாடலையும் பணம் அனுப்பிய ரசீதையும் அழிக்காமல் வைத்திருங்கள்.