100 கிராம் குண்டுக்கு அச்சு கேட்டால் 84 கிராம் விழுகிறது: ஈயக்குண்டு மோல்டு ஆர்டர் கொடுப்பவர்கள் கவனத்துக்கு

கடல் தூண்டிலுக்கு ஈயக்குண்டு ஊற்றும் அச்சை "நீங்க கேட்ட எடையில், கேட்ட வடிவத்தில்" செய்து தருவதாக ஆன்லைனில் படம் போட்டு ஆர்டர் பிடிக்கும் பட்டறை ஒன்று கோவைப் பக்கம் இருக்கிறது. பெயர் இங்கே வேண்டாம். இதே வேலையை இதே லட்சணத்தில் செய்பவர்கள் இன்னும் நாலு பேர் இருப்பார்கள். அச்சு கைக்கு வந்ததும் எதைப் பார்க்க வேண்டும் என்று தெரிந்தால் யாரிடம் வாங்கினாலும் உதவும்.

கேட்டது இது: உருண்டைக் குண்டு, நடுவே தூண்டில் நரம்பு ஓட 3 மில்லிமீட்டர் ஓட்டை, எடை 100 கிராம், ஒரு அச்சில் இரண்டு குழி, 6061 தர அலுமினியம். முழுப்பணமும் முன்கூட்டியே வாங்கிக்கொண்டார்கள். மூன்று வாரம் என்றது ஏழு வாரம் ஆனது. பட்டறை வேலையில் தாமதம் சகஜம், அதை விடுங்கள்.

முதல் பத்துக் குண்டும் தராசில் 83, 84 கிராம். போன் போட்டால் வந்த பதில்: "ஈயத்தைக் கொஞ்சம் கூடுதலா ஊத்துங்க சார், எடை வந்துடும்." மூடிய குழிக்குள் கூடுதலாக எங்கே ஊற்றுவது?

கணக்கு எளிது. காரீயத்தின் (குண்டு ஊற்றும் ஈயம்) அடர்த்தி கன சென்டிமீட்டருக்கு 11.34 கிராம். உருண்டையின் விட்டத்தை மில்லிமீட்டரில் மூன்று முறை பெருக்கி, 0.00594-ஆல் பெருக்கினால் கிராம் கணக்கு வந்துவிடும். 3 மில்லி ஓட்டைக்கு ஏறக்குறைய 2 கிராம் போகும் என்பதால், 100 கிராம் நிற்க 102 கிராம் உருண்டை வேண்டும். அதற்கு விட்டம் 25.8 மில்லி. வந்த அச்சின் குழியை வெர்னியர் அளவுகோலில் அளந்தால் 24.4. கையில் இருந்த 24 மில்லி பால் கட்டரை (உருண்டைக் குழி வெட்டும் கருவி) இறக்கி, உப்புத்தாள் போட்டுத் தேய்த்து அனுப்பியிருக்கிறார்கள் போலிருக்கிறது. விட்டத்தில் 1.4 மில்லி குறைந்தால் எடையில் 16 கிராம் காலி. "ஒரு மில்லி முன்னப்பின்ன இருக்கும் சார்" என்று எந்தப் பட்டறைக்காரர் சொன்னாலும் இந்தக் கணக்கைக் காட்டுங்கள்.

வெர்னியர் இல்லாதவர்களுக்கு ஒரு வழி உண்டு. பேரிங் கடையில் ஒரு அங்குலக் குண்டு ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். அது 25.4 மில்லி. குழி சரியாக இருந்தால் குண்டு பாதி உள்ளே இறங்கி லேசாக ஆடும். இந்த அச்சில் அது குழி வாயிலேயே உட்கார்ந்துவிட்டது, அடியைத் தொடவே இல்லை.

எடையாவது போகட்டும், ஓட்டை வந்த விதம்தான் பெரிய அநியாயம். நடுவே ஓட்டை விழ ஒரு பின் வைப்பார்கள். அது படுக்கிற பள்ளம் அச்சின் இரண்டு பாதியிலும் 1.5 மில்லி, 1.5 மில்லியாகப் பிரிந்திருக்க வேண்டும். இவர்கள் 3 மில்லியையும் ஒரே பாதியில் வெட்டிவிட்டார்கள். வேலை மிச்சம். விளைவு, ஓட்டை மையத்திலிருந்து 1.5 மில்லி தள்ளி விழுகிறது. கண்ணுக்குச் சட்டென்று தெரியாது. கடலில் வீசிச் சுற்றி இழுக்கும்போதுதான் தெரியும்: ஒரு பக்கம் கனத்த குண்டு சுழன்றுகொண்டே வரும், நரம்பு முறுக்கேறும், நாலு வீச்சில் ரீலில் சிக்கு விழும்.

பின்னும் லேத்தில் கடைந்த வரி அப்படியே இருக்க, முனை முதல் அடி வரை ஒரே தடிமனில் வந்தது. ஈயம் ஆறும்போது சுருங்கிப் பின்னைக் கவ்வும். பின் ஒரு முனையில் 3.0, மறு முனையில் 2.8 என்று லேசாகச் சரிந்து, 600 நம்பர் தாளில் நீளவாக்கில் மெருகு போட்டிருந்தால்தான் ஒரு திருகில் உருவ முடியும். இல்லையென்றால் குறடு, சுத்தியல், கடைசியில் வளைந்த பின். பின் நுழையும் துளையும் 3.4 மில்லிக்குத் தளர்ந்திருந்ததால், ஒவ்வொரு குண்டிலும் பின் ஓரமாகக் குழாய் போலப் பிசிறு.

அடுத்தது உலோகம். பில்லில் 6061 என்று இருக்கிறது. வந்தது பழைய அலுமினியத்தை உருக்கி மணலில் ஊற்றிய கட்டி. மில்லிங் செய்த முகத்தை வெயிலில் சாய்த்துப் பார்த்தால் குண்டூசி குத்தியது போலப் பொடித் துளைகள். உருட்டிய பிளேட்டில் இது வராது. அந்தத் துளைகளில் ஈரம் தங்கும். சூடான ஈயம் பட்டதும் நீராவியாகிக் குண்டின் மேல் கொப்புளம் வைக்கும், சில நேரம் வாயிலேயே துப்பும். ஒரு பாதியின் தடிமன் 16 மில்லி. குழி ஆழம் 12.2 போக, முதுகில் 3.8 மில்லிதான் மிச்சம். நாலாவது சூட்டில் அச்சு வளைந்து, மூடினால் நடுவில் வெளிச்சம் தெரிந்தது. இந்த அளவுக் குண்டுக்குப் பாதி ஒவ்வொன்றும் குறைந்தது 25 மில்லி வேண்டும்.

இரண்டு பாதியும் 0.4 மில்லி நகர்ந்து உட்கார்கின்றன. இரண்டு பாதியையும் நேராகப் பொருத்தும் டோவல் பின்னின் துளையைக் கை டிரில்லில் போட்டிருப்பார்கள். குண்டின் இடுப்பில் நகத்தை ஓட்டினால் படி தட்டும். கைப்பிடிக்குச் சைக்கிள் பிளாஸ்டிக் கிரிப் மாட்டியிருந்தார்கள். அதன் கதியைச் சொல்லவே வேண்டாம்.

காற்று வெளியேற வரியே கிடையாது. இதையும் ஊற்று வாயையும் மட்டும் வீட்டிலேயே சரிசெய்யலாம். கூர் ஊசியால் குழி விளிம்பிலிருந்து வெளியே வரை முடி அளவுக்கு ஐந்தாறு கோடு இழுங்கள். ஆழம் 0.1 மில்லிக்கு மேல் போனால் காற்றோடு ஈயமும் போய் மீசை வைக்கும். ஊற்று வாய் 4 மில்லி இருந்தது. அது குண்டுக்கு முன்பே உறைந்துவிடும். உள்ளே ஈயம் சுருங்கும்போது மேலிருந்து இறங்க வழியில்லாமல் வாய்க்குக் கீழே குழி விழும். 8 மில்லி டிரில் போட்டு, மேலே புனல் போல அகலப்படுத்தினால் சரியாகிவிடும். நகர்ந்த டோவலும் வளைந்த உடலும் நம் கையில் சரியாகாது.

பட்டறையைத் திட்டுமுன் நம் பக்கமும் பார்த்துவிட வேண்டும். புது அச்சில் முதல் பத்துக் குண்டு சுருக்கம் சுருக்கமாக வந்தால் அது அச்சின் குறையல்ல. மில்லிங் எண்ணெய் போகவில்லை, அல்லது அச்சு சூடாகவில்லை. சோப்புப் போட்டுக் கழுவி, ஈரம் துளி இல்லாமல் காயவைத்து, விளக்குப் புகையில் கரி பிடித்து, சட்டி ஓரத்தில் வைத்து 150 டிகிரிக்கு மேல் ஏற்றிய பிறகுதான் ஊற்ற வேண்டும். ஈயம் 327 டிகிரியில் உருகும். ஊற்றுவதற்கு 380 முதல் 400 போதும். குண்டு பளபளப்பு இல்லாமல் பனி படர்ந்தது போல வந்தால் அச்சு அதிகமாகச் சூடாகிவிட்டது, கொஞ்சம் ஆறவிடுங்கள்.

அச்சோடு "சுத்த ஈயம்" என்று 5 கிலோ கட்டியும் சேர்த்து விற்கிறார்கள். உருக்கினால் மேலே தயிர் திரிந்த மாதிரி மிதக்கிறது, ஓட்டமே இல்லை. அதில் நாகம் (துத்தநாகம்) கலந்திருக்கிறது. நாகம் 419 டிகிரிக்கு மேல் உருகும், அதற்குக் கீழே மிதக்கும். அதனால் முதலில் சட்டியை 370-க்கு மேல் ஏற்றாமல் உருக்கினால், தவறி விழுந்த நாகத் துண்டை வாரி எறிந்துவிடலாம். ஆனால் கட்டியாக ஊற்றும்போதே கலந்துவிட்டால் ஒன்றும் செய்ய முடியாது. வாங்கும் இடத்திலேயே கட்டியைச் சுரண்டி, கழிப்பறை கழுவும் ஆசிட் ஒரு சொட்டு விடுங்கள். நுரைத்தால் நாகம். சுத்தக் காரீயம் சும்மா கிடக்கும், நகத்தால் கீறினால் கோடும் விழும். எடைத் திருட்டுக்கு வேறு சோதனை: ஒரு கிலோ கட்டியை நூலில் கட்டித் தண்ணீரில் முழுக்கித் தராசில் தொங்கவிட்டால் 88 கிராம் குறைய வேண்டும். 95-க்கு மேல் குறைந்தால் வேறு ஏதோ கலந்திருக்கிறது, அல்லது உள்ளே பொந்து.

அதே பட்டறை "மலிவாக வேண்டுமா, பேட்டரி ஈயம் இருக்கு" என்றும் சொல்கிறது. தொடாதீர்கள். பேட்டரித் தகட்டில் ஆன்டிமனியும் ஆர்செனிக்கும் கால்சியமும் உண்டு. உருக்கிய கசடு ஈரம் பட்டால் ஆர்சைன், ஸ்டிபைன் என்ற விஷவாயுக்கள் கிளம்பும். பழைய பேட்டரி கடைக்குத்தான் திரும்பிப் போக வேண்டும்.

இன்னொன்று. ஈயச் சொம்பில் ரசம் வைக்கிறோமே, இதிலென்ன என்று சமையலறையில் உருக்குபவர்கள் இருக்கிறார்கள். சொம்பு வெள்ளீயம், இது காரீயம். பெயரில்தான் உறவு. தனிச் சட்டி, தனிக் கரண்டி, திறந்தவெளி, பக்கத்தில் குழந்தைகள் கூடாது, வேலை முடிந்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவுதல், அந்த உடையைத் தனியாகத் துவைத்தல் எல்லாம் கட்டாயம். பிரிட்டனில் அன்னப்பறவைகள் செத்ததால் 0.06 முதல் 28.35 கிராம் வரையிலான ஈயத் தூண்டில் எடைகளை 1987-லேயே தடை செய்துவிட்டார்கள்.

இனி ஆர்டர் கொடுப்பவர்கள் "100 கிராம் அச்சு" என்று மட்டும் எழுதாதீர்கள். குழி விட்டம், பாதி ஒவ்வொன்றின் தடிமன், பின்னின் இரு முனை அளவு, பள்ளம் இரண்டு பாதியிலும் சமம் என்பது, ஊற்று வாய் அளவு, உலோகம் 6061 உருட்டிய பிளேட் என்பது, இவ்வளவையும் எழுதி அனுப்பி, அதற்கு அவர்கள் சரி என்று பதில் போட்ட பிறகு பாதிப் பணம் மட்டும் கொடுங்கள். மீதிக்கு, அதே அச்சில் ஊற்றிய இரண்டு குண்டைத் தராசில் வைத்து வீடியோ கேளுங்கள். ஊற்றிக் காட்ட முடியாது என்பவர் தன் அச்சை ஒருமுறைகூட ஊற்றிப் பார்க்காதவர்.

"விற்ற பொருள் திரும்பப் பெறப்படாது" என்று பில்லில் முத்திரை குத்தியிருந்தாலும் பயப்பட வேண்டியதில்லை. பில்லில் காலக்கெடு குறிப்பிடாவிட்டால், குறையுள்ள பொருளை 30 நாளுக்குள் திரும்ப எடுத்துப் பணம் தர மறுப்பது 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி முறையற்ற வணிகம். முதலில் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்கு அழைத்துப் புகார் எண் வாங்குங்கள். மசியாவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். கொடுத்த பணம் 5 லட்சத்துக்குள் என்றால் கட்டணம் கிடையாது, இரண்டு ஆண்டுக்குள் போட வேண்டும். குண்டு ஊற்றிக் கடைகளுக்கு மொத்தமாக விற்கும் வியாபாரத்துக்கு அச்சு வாங்கியிருந்தால் எதிர்த்தரப்பு அதைப் பிடித்துக்கொள்ளும். சொந்தப் பிழைப்புக்காகச் செய்யும் சிறு தொழிலுக்குச் சட்டத்தில் விலக்கு உண்டு. புகாரோடு வெர்னியர் குழியில் நிற்கும் படம், தராசில் குண்டு இருக்கும் படம், பணம் அனுப்பிய ரசீது, "கூடுதலா ஊத்துங்க" என்ற பதில் எல்லாவற்றையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஒன்று முக்கியம்: புகார் முடியும் வரை அந்த அச்சில் டிரில்லோ ஊசியோ வைக்காதீர்கள். கை வைத்த அச்சைக் காட்டினால், நீங்கள்தான் கெடுத்தீர்கள் என்பார்கள்.