டெக்சஸ் கனிம உரிமை: ஊர் வழக்கறிஞரா, எண்ணெய்-எரிவாயு நிபுணரா?

டெக்சஸில் எண்ணெய், எரிவாயு உரிமை உள்ளவர்கள், எண்ணெய் நிறுவனம் கையெழுத்துக் கேட்டுக் குத்தகைப் பத்திரத்தை நீட்டியதும் யாரிடம் போவது என்று தடுமாறுகிறார்கள்.

தகுதி
ஊர் வழக்கறிஞர்: உயில், கிரயம், வாரிசு என எல்லாம் பார்ப்பவர்.
நிபுணர்: டெக்சஸ் சட்டச் சிறப்புத் தகுதி வாரியத்தின் எண்ணெய், எரிவாயு, கனிமச் சட்டச் சான்று பெற்றவர். அதற்குத் தனித் தேர்வு உண்டு. பெயரை வாரியத்தின் இணையதளத்தில் சரிபார்த்துவிடுங்கள்.

செலவு
ஊர்க்காரரிடம் பெரும்பாலும் குறைவு. நிபுணரின் மணிக்கட்டணம் கூடுதல்.

குத்தகை
உண்மையான வித்தியாசம் இங்கேதான். குழாய்வழி, பதப்படுத்தும் செலவுகளை ராயல்டியில் (எடுக்கும் எண்ணெய், எரிவாயுவுக்காக உரிமையாளருக்குத் தரும் பங்கில்) கழிக்கக் கூடாது என்று எழுதினால் போதும் என்றுதான் பலரும் நினைப்பார்கள். ஆனால் 1996-ல் நேஷன்ஸ்பேங்க் வழக்கில் அப்படி எழுதியிருந்தும் டெக்சஸ் உச்ச நீதிமன்றம் கழிவை அனுமதித்தது. ராயல்டி ‘கிணற்றடிச் சந்தை மதிப்பில்’ என்று இருந்ததே காரணம்; அதாவது கிணற்றை விட்டு வெளியே வந்த பிறகு ஆகும் செலவுகள் போக உள்ள மதிப்பு. இந்த நுணுக்கம் தெரியாதவர் கையில் பத்திரத்தைக் கொடுக்காதீர்கள்.

அப்புறம், நீங்கள் போகும் வழக்கறிஞர் குத்தகை கேட்கும் அதே நிறுவனத்துக்கும் வேலை செய்கிறாரா என்று முதலிலேயே கேளுங்கள்.

தாத்தா சொத்தை வாரிசுகள் பெயருக்கு மாற்ற மட்டும் என்றால் ஊர் வழக்கறிஞர் போதும். குத்தகைக் கையெழுத்து, ராயல்டித் தகராறு என்றால் நிபுணர்தான்.