கல்லூரி டீமை வளர்த்தவரிடம் ஃபுட்பால் கோச்சிங்: சிங்காநல்லூர்ப் பக்கம் இருப்பவர்களுக்கு

சனி, ஞாயிறு காலையில் கோயம்புத்தூர் சிங்காநல்லூர்ப் பக்கம் நடக்கும் இந்த கோச்சிங்குக்குப் போன கோடை லீவிலிருந்து என் பையன் போகிறான். நடத்துகிறவர் ஒரு கல்லூரி அணிக்கு ரொம்பக் காலம் ஹெட் கோச்சாக இருந்து ரிட்டயர் ஆனவர், கோச்சுகளுக்குப் பயிற்சி கொடுக்கும் பாட்டியாலா என்.ஐ.எஸ். என்ற தேசிய விளையாட்டு நிறுவனத்தில் படித்தவர். கட்டணம் மற்ற இடங்களைவிடக் கொஞ்சம் கூடத்தான், ஆனாலும் கொடுக்கலாம் என்பேன்.

ஏனென்றால், கிளப் கோச்சுக்கு ஆள் பற்றவில்லை என்றால் வெளியிலிருந்து கூட்டி வரலாம். நம்ம கோயம்புத்தூர் நேரு ஸ்டேடியத்தில் ஆடி 2018-19 ஐ-லீக்கை (தேசிய அளவிலான கிளப் போட்டி) ஜெயித்த சென்னை சிட்டி அணி, ஸ்பெயினில் ஆடிக்கொண்டிருந்த பெட்ரோ மான்சியைக் கொண்டுவந்தது, அவர் அந்த சீசனில் 21 கோல் போட்டார். கல்லூரி கோச்சுக்கு அதெல்லாம் நடக்காது. மூன்று வருடம் பாடுபட்டுத் தேற்றிய சென்டர் பேக் (நடுவில் நின்று தடுத்து ஆடுகிறவன்) டிகிரியை வாங்கிக்கொண்டு திருப்பூரில் ஏதாவது எக்ஸ்போர்ட் கம்பெனிக்கு வேலைக்குப் போய்விடுவான், அப்புறம் ஃபர்ஸ்ட் இயரில் யார் வந்து சேருகிறார்களோ அவர்களை வைத்து மறுபடி அ, ஆவிலிருந்து ஆரம்பிக்க வேண்டும், அதுவும் வருடா வருடம். இப்படியே காலம் தள்ளிய ஆளுக்குச் சொல்லிக்கொடுக்கத் தெரியாமல் போகாது.

அமெரிக்காவில் (அவர்கள் ஃபுட்பால் என்பது வேறு ஆட்டம், இருந்தாலும்) இந்தப் பதவிக்கு இருக்கும் மவுசே தனி. அலபாமா பல்கலைக்கழகத்தில் 2007 முதல் 2023 சீசன் வரை ஹெட் கோச்சாக இருந்த நிக் சேபன் அங்கே 6 தேசியப் பட்டம் ஜெயித்தார், வருடச் சம்பளம் மில்லியன் டாலர் கணக்கில். நம்ம பக்கம் அதே வேலையைப் பார்க்கிறவர் பல கல்லூரிகளில் பி.டி.யாகவும் (உடற்கல்வி இயக்குநர்) இருப்பார், கபடி டீமையும் ஸ்போர்ட்ஸ் டேயையும் அவரே பார்க்க வேண்டும். அவர்களுக்கு உரிய மரியாதையை நாம் கொடுப்பதே இல்லை என்ற வருத்தம் எனக்கு உண்டு.

சரி, கிளாஸுக்கு வருகிறேன். பந்து வாங்கப் போகிற பையனுக்குப் பின்னால் சார் நின்றுகொண்டு விரல்களைக் காட்டுவார். பந்து காலுக்கு வந்து சேருவதற்குள் பையன் திரும்பிப் பார்த்து எத்தனை விரல் என்று கத்த வேண்டும். "பந்து வர்றதுக்கு முன்னாலயே பாத்துப்போடோணும் கண்ணு, வந்தப்புறம் பாத்தா எதிராளி வந்துருவான்." ஆரம்பத்தில் எல்லோரும் பந்தைக் கோட்டைவிட்டார்கள். இப்போது எங்க பையன் தெருவில் ஆடும்போதுகூட தலையைத் திருப்பிக்கொண்டே இருக்கிறான். ஆடி மாதம் பாலக்காட்டுக் கணவாய்க் காற்று கிரவுண்டில் புழுதியைக் கிளப்பினபோதும் கிளாஸை நிறுத்தவில்லை, தூக்கி அடிக்காமல் தரையோடு பாஸ் பண்ணி ஆடுவதற்கு அதுதான் நல்ல சமயம் என்று அதையே பாடமாக்கிவிட்டார். 12 வயது வரைக்கும் உள்ள பசங்களுக்கு சின்னதான 4-ம் சைஸ் பந்துதான் கொடுக்கிறார். முன்னால் போன இடத்தில் பொடிசுகளுக்கும் பெரியவர்கள் ஆடும் 5-ம் சைஸ்தான், ஆனால் டி-ஷர்ட்டும் சர்டிஃபிகேட்டும் மட்டும் பிரமாதமாக இருந்தன.

குறை இருக்கிறது. உடை மாற்ற இடம் கிடையாது, பெண் குழந்தைகளைச் சேர்க்க நினைப்பவர்களுக்கு இது பெரிய சிரமம், சார் உடனே கவனிக்க வேண்டியது இது. வெளி டீம்களோடு மேட்ச் ரொம்பக் குறைவு. வாரா வாரம் ஆடுவது உங்களுக்கு முக்கியம் என்றால் வேறு இடம் பார்ப்பது நல்லது. போன் பண்ணினால் எடுக்க மாட்டார், நேரில்தான் போக வேண்டும். பெற்றோர் கோட்டுக்கு வெளியே நின்று "ஷூட் பண்ணு, ஷூட் பண்ணு" என்று கத்தினால், "ஏனுங்க, கொஞ்சம் அந்த வேப்பமரத்தடியில போய் உக்காருங்க" என்று அனுப்பிவிடுவார். இது குறையில்லை, எனக்கு ரொம்பப் பிடித்ததே இதுதான்.

சேர்க்கிறதாக இருந்தால் ஸ்டட் ஷூவை (அடியில் குமிழ் வைத்தது) எடுத்த எடுப்பிலேயே வாங்க வேண்டாம், கிரவுண்ட் கெட்டி மண். முதலில் சாதாரண கேன்வாஸே போதும் என்று சாரே சொல்கிறார். முழங்காலுக்குக் கீழே அடிபடாமல் காக்கும் ஷின் கார்டு மட்டும் கட்டாயம், தண்ணி பாட்டில் வீட்டிலிருந்தே கொடுத்துவிடுங்கள்.