புதன்கிழமை இரவு ஏழரை: ஆறு வருஷ சூப்பர் ஹீரோ காமிக்ஸ் அனுபவம்

நியூயார்க் காமிக்ஸ் கடைகள் புதன் காலை பத்து மணிக்கு ஷட்டரைத் தூக்கும்போது வேளச்சேரியில் இரவு ஏழரை. அவர்களுக்குக் குளிர்காலமென்றால் எட்டரை. அந்த நேரத்தில் நான் சாப்பாட்டுத் தட்டோடு உட்கார்ந்து, இந்த வாரம் என்னென்ன வந்திருக்கிறது என்று பட்டியலைப் புரட்டிக்கொண்டிருப்பேன். ஆறு வருஷமாக இதே வேலை. அமெரிக்காவில் புது இதழ்கள் வருவது புதன்கிழமைதான். நடுவில் 2020இல் பேட்மேன், சூப்பர்மேன் கதைகளை வெளியிடும் டிசி பதிப்பகம் மட்டும் செவ்வாய்க்கிழமைக்கு மாறி, 2024 ஜூலையில்தான் புதனுக்குத் திரும்பியது. அதுவரை வாரத்தில் இரண்டு நாள் சாப்பாடு ஆறிப்போனது.

முதலில் வெளிநாட்டிலிருந்து வரவழைத்துத் தரும் கடைக்காரர் ஒருவர் வழியாகத்தான் வாங்கினேன். புதிதாக ஆரம்பிப்பவர்கள் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். பொட்டிக்கடையில் வாரப் பத்திரிகை கேட்பதுபோல் போய்க் கேட்டால் கிடைக்காது. பதிப்பகங்கள் ஏறக்குறைய மூன்று மாதம் முன்பே பட்டியல் வெளியிடும். கடைக்காரர் அதைப் பார்த்து ஆர்டர் கொடுக்க வேண்டும். விற்காமல் நின்றதைப் பெரும்பாலும் திருப்பி அனுப்ப முடியாது. அதனால் நாம் சொன்ன எண்ணிக்கைக்கு மேல் ஒன்றுகூடச் சேர்த்து எடுக்க மாட்டார். “சார், நம்பர் ஒன் இதழ் வேணும்னா இப்பவே சொல்லிடுங்க. அப்புறம் வந்து என் உயிரை எடுக்காதீங்க” என்பார்.

அப்படிச் சொல்லாமல் விட்டதுதான் ‘அப்சொல்யூட் பேட்மேன்’. பேட்மேனில் இனி என்ன புதுசாக இருக்கப்போகிறது என்று அலட்சியம். 2024 அக்டோபரில் வந்தது. ஸ்காட் ஸ்னைடரும் ஓவியர் நிக் டிராகோட்டாவும் பேட்மேனான கோடீஸ்வரன் புரூஸிடமிருந்து மாளிகையையும் சொத்தையும் பிடுங்கிவிட்டு, வேலைக்குப் போகிற இன்ஜினியராக்கி விட்டிருந்தார்கள். அவனுடைய வீட்டு வேலைக்காரர் ஆல்ஃபிரட் இதில் சமையற்கட்டில் இல்லை, உளவுத்துறையில். முதல் அச்சு தீர்ந்து, மறு அச்சுக்கு மேல் மறு அச்சு போட்டார்கள். என்னிடம் இருப்பது அதில் ஒன்று.

விலை நாலு டாலரோ ஐந்து டாலரோதான்; கதை இருபது பக்கத்துக்குக் கொஞ்சம் மேலே. கப்பல், கூரியர் எல்லாம் சேர்ந்து என் கைக்கு வரும்போது ஐந்நூறு ரூபாயைத் தொட்டுவிடும், ஒரு மாதமும் தாண்டிவிடும். “இருபது பக்கத்துக்கு ஐந்நூறா? அதுல ஒரு புடவைக்கு ஃபால்ஸ் வச்சு, பிளவுஸும் தைச்சிடலாம்” என்றாள் மனைவி. பதில் சொல்லவில்லை.

பணத்தைவிட வலித்தது 2023 டிசம்பர் மிக்ஜாம் புயல். இரண்டு நாள் முன்னால் வந்த பார்சலை வாட்ச்மேன் அறையில் வைத்துவிட்டுப் போயிருந்தார்கள். நானும் ‘நாளைக்கு எடுத்துக்கலாம்’ என்று சோம்பலாக இருந்துவிட்டேன். தண்ணீர் வடிந்தபிறகு பெட்டியைப் பிரித்தால் ஐந்து இதழ். பின்னால் அட்டை வைத்துப் பிளாஸ்டிக் உறையில் போட்டு, டேப் ஒட்டியிருந்த இரண்டும் பிழைத்தன. மற்ற மூன்றும் ஒரே கட்டி. வழவழப்பான தாள், நனைந்து காய்ந்தால் பக்கத்தோடு பக்கம் ஒட்டிக்கொள்ளும். ஹேர் டிரையர் காட்டிப் பிரித்தேன். ஸ்பைடர்மேனின் முகம் எதிர்ப்பக்கத்தோடு உரிந்து வந்தது. ஈரமாக இருக்கும்போதே பக்கங்களுக்கு நடுவே டிஷ்யூ வைத்திருக்க வேண்டுமாம். பிறகு தெரிந்து என்ன பயன்?

அதற்கப்புறம்தான் ஸ்பைடர்மேனை வெளியிடும் மார்வெல் பதிப்பகத்தின் இதழ்களை ஆப்பில் படிக்கத் தரும் மார்வெல் அன்லிமிடெட் சந்தாவை ஒழுங்காகப் பயன்படுத்த ஆரம்பித்தேன். புது இதழ் மூன்று மாதம் கழித்துத்தான் அதில் வரும். ஆனால் 2021இல் ஆப்பைப் புதுப்பித்தபோது பன்னிரண்டு இதழுக்கு மேல் இறக்கி வைக்க முடியாது என்ற கட்டுப்பாட்டை எடுத்துவிட்டார்கள். வேளச்சேரியில் பறக்கும் ரயில் ஏறினால் திருமயிலை வருவதற்குள் ஒரு இதழ் முடிந்துவிடும். போனில் ஒவ்வொரு கட்டமாகத் தள்ளிப் படிப்பது எனக்குப் பிடிக்கவில்லை. இரண்டு பக்கம் சேர்த்து வரைந்த சண்டைக்காட்சி துண்டு துண்டாகிவிடுகிறது. பத்து அங்குல டேப்லெட் கட்டாயம்.

தாமதம் பழகிவிட்டது என்பதைவிட, சில கதைகளுக்கு அது தேவைப்படுகிறது. ஜொனாதன் ஹிக்மன் எழுதிய ‘அல்டிமேட் ஸ்பைடர்மேன்’ 2024 ஜனவரியில் தொடங்கியது. அதில் பீட்டர் பார்க்கர் கல்யாணமாகி இரண்டு பிள்ளை பெற்றபிறகுதான் சிலந்தி சக்தி பெறுகிறான். நமக்கு ஒரு மாதம் போனால் கதையிலும் ஒரு மாதம் போகும். நடுவில் ஆபீஸ் வேலை நெரித்ததால் ஆறு இதழைச் சேர்த்து வைத்து ஞாயிறு மதியம் ஒரே மூச்சில் முடித்தேன். கதை புரிந்தது, ஆறு மாதம் போன மாதிரியே இல்லை. அதிலிருந்து மாதம் ஒன்றுதான்.

இந்தக் காத்திருப்பு அமெரிக்காவிலிருந்து இறங்கிய சரக்கும் இல்லை. சிவகாசியிலிருந்து லயன் காமிக்ஸ் வந்தால் கதைக்கு முன்னால் ‘அடுத்த வெளியீடு’ விளம்பரத்தைத்தான் தேடுவோம். அன்று வாய்பிளந்து படித்த ஸ்பைடர் (ஸ்பைடர்மேன் இல்லை, இவன் பிரிட்டிஷ் காமிக்ஸ் நாயகன்) கதைகளில் பலவற்றை எழுதியவர், சூப்பர்மேனை உருவாக்கிய இருவரில் ஒருவரான ஜெர்ரி சீகல் என்று நாற்பது வயதில்தான் தெரிந்துகொண்டேன்.

இப்போது காகிதத்தில் இரண்டே தொடர், மற்றதெல்லாம் சந்தாவில். மிச்சமிருக்கும் ஒரே தொல்லை டாலஸில் இருக்கும் அத்தை பையன். அவன் புதன்கிழமையே படித்துவிடுவான். வாயைத் திறந்தால் பொங்கலுக்கு ஊருக்கு வரும்போது வீட்டுக்குள் விடமாட்டேன் என்று சொல்லி வைத்திருக்கிறேன். போன வியாழன் காலை ஒரே ஒரு வாய்ஸ் மெசேஜ்: “மச்சான், கடைசிப் பக்கம்... ஐயோ, மூணு மாசம் எப்படிடா அடக்கிட்டு இருப்பேன்!”