கேரவனா, மோட்டார்ஹோமா, மோட்டலா: ஆஸ்திரேலியச் சிற்றூர்களைச் சுற்ற இருவருக்கு எது சரி?

பிள்ளைகள் யுனிவர்சிட்டிக்குப் போய் வீடு காலியானதும், சிட்னித் தமிழர் வீட்டு விருந்துகளில் பேச்சு வீட்டுக் கடனை விட்டுவிட்டுக் கேரவனுக்குத் தாவுகிறது. நானும் மனைவியும் அந்தக் கட்டத்தைத் தாண்டி, மூன்று வழியிலும் போய்ப் பார்த்துவிட்டோம். கேரவன் என்றதும் சினிமா படப்பிடிப்பில் நடிகர்கள் ஓய்வெடுக்கும் வண்டியை நினைக்க வேண்டாம். இங்கே அது காரின் பின்னால் கொக்கி போட்டு இழுத்துப் போகும் சக்கர வீடு. மோட்டார்ஹோம் என்பது வண்டியும் வீடும் ஒன்றாகவே இருப்பது. மூன்றாவது வழி, இருக்கிற காரை எடுத்துக்கொண்டு ஊர் ஊராக மோட்டலில், அதாவது சாலையோரத் தங்கும் விடுதியில், தங்குவது.

என் கட்சி எது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஓர் ஊரில் எத்தனை இரவு தங்கப் போகிறீர்கள் என்பதை முடிவு செய்துவிட்டால், வண்டி தானாக முடிவாகிவிடும். தினம் ஓர் ஊர் என்றால் மோட்டல். இரண்டு மூன்று இரவு என்றால் கேரவன். மோட்டார்ஹோம் பார்க்க அழகாக இருக்கும், ஆனால் சிற்றூர்களைப் பார்க்க வந்த இருவருக்கு மூன்றிலும் அதுதான் கடைசி.

பேச்சுக்கு ஒரு பாதையை வைத்துக்கொள்வோம். சிட்னியிலிருந்து நீல மலையைத் தாண்டி பாதர்ஸ்ட், கவ்ரா, ஃபோர்ப்ஸ், பார்க்ஸ், டப்போ, கூனபராப்ரன், நாராப்ரை, மோரி. ஃபோர்ப்ஸிலிருந்து மேலே போவது நியூவெல் நெடுஞ்சாலை. விக்டோரியா எல்லையில் டொகம்வாலில் தொடங்கி குவின்ஸ்லாந்து எல்லையில் கூண்டிவிண்டியில் முடிகிற, ஆயிரம் கிலோமீட்டருக்கும் மேற்பட்ட சாலை. கோதுமை வயல், பருத்தி, சைலோ எனப்படும் தானியக் கோபுரம், லாரி, நடுநடுவே ஊர்.

மோட்டார்ஹோமைச் சீக்கிரம் முடித்துவிடலாம். நல்ல பக்கம் உண்டு. 4.5 டன் மொத்த எடைக்குள் இருந்தால் சாதாரண கார் லைசென்ஸே போதும். பின்னால் எதையும் இழுக்க வேண்டாம், கொக்கி மாட்ட வேண்டாம். மழையில் ஓரங்கட்டிவிட்டு, இறங்காமலே பின்னால் போய்க் காபி போடலாம்.

சிக்கல் ஊருக்குள் போய்ச் சேர்ந்த பிறகுதான். பார்க்ஸில் எல்லாரும் பார்க்கப் போவது 1961-இல் கட்டிய 64 மீட்டர் ரேடியோ தொலைநோக்கி. 1969-இல் அப்பல்லோ 11 நிலவில் இறங்கிய காட்சிகளை உலகத்துக்கு வாங்கிக் கொடுத்ததில் அதற்குப் பெரிய பங்கு உண்டு. அது ஊருக்குள் இல்லை, வடக்கே சுமார் 20 கிலோமீட்டர் தள்ளி ஆட்டு மந்தைகளுக்கு நடுவே நிற்கிறது. மோட்டார்ஹோமில் வந்தவர் அதைப் பார்க்க வேண்டுமானால், கரண்ட் வயரைக் கழற்ற வேண்டும், தண்ணீர்க் குழாயைச் சுருட்ட வேண்டும், வெளிப் பந்தலை மடக்க வேண்டும், கழுவி வைத்த டம்ளரை உள்ளே பூட்ட வேண்டும். அதாவது வீட்டையே கட்டிக்கொண்டு கிளம்ப வேண்டும். திரும்பி வந்து மறுபடி விரிக்க வேண்டும். பால் தீர்ந்துபோனாலும் இதே கதைதான். கூனபராப்ரனில் இன்னும் மோசம்: சைடிங் ஸ்பிரிங் வானாய்வகத்துக்கு ஏறும் மலைப் பாதை வளைந்து வளைந்து போகும். கேரவன்காரர் வீட்டைக் கேரவன் பார்க்கில், அதாவது வண்டிகளை நிறுத்தித் தங்கும் வளாகத்தில், விட்டுவிட்டுக் காரில் ஏறிப் போய்விடுவார். நீங்கள் வீட்டோடு ஏறுவீர்கள்.

செலவுக் கணக்கும் ஒத்துவரவில்லை. வாடகை மோட்டார்ஹோம் சீசனைப் பொறுத்து நாளுக்கு 150 முதல் 300 டாலர் வரை போகிறது. அதற்கு மேல் கேரவன் பார்க்கில் மின்சாரமுள்ள இடத்துக்கு நாற்பது ஐம்பது டாலர். சிற்றூர் மோட்டல் அறை 130-லிருந்து 180 டாலருக்குள் கிடைக்கும்போது, இரண்டு வாரப் பயணத்துக்கு மோட்டார்ஹோம்தான் அதிகம் கறக்கிறது. மண் சாலையில் ஓட்டக் கூடாது என்று வாடகை ஒப்பந்தத்தில் இருக்கும். சில நிறுவனங்கள் ஊருக்கு வெளியே இரவில் ஓட்டவும் தடை போடும். விபத்தானால் உங்கள் கையிலிருந்து போகும் தொகை பல ஆயிரம் டாலர். கையெழுத்துப் போடுவதற்கு முன் அந்தப் பக்கத்தை மட்டுமாவது படித்துவிடுங்கள். ஒரே விதிவிலக்கு, ஹையேஸ் மாதிரி வேனைக் கேம்பர்வேனாக மாற்றியது: எங்கும் நிறுத்தலாம். ஆனால் உள்ளே ஒருவர் சட்டை மாற்ற இன்னொருவர் வெளியே நிற்க வேண்டும். முப்பது வயதில் ஜாலி, ஐம்பத்தைந்தில் முட்டி பேசும்.

மோட்டலைப் பற்றி நம்மவர்கள் அலட்சியமாகப் பேசுகிறார்கள், அது நியாயமில்லை. செங்கல் சுவர், அறை வாசலிலேயே கார், கெட்டில், டோஸ்டர், குட்டி ஃபிரிட்ஜ். பழைய மோட்டல்களில் சுவரில் ஒரு சின்னக் கதவு இருக்கும். முந்தின இரவு தாளில் டிக் போட்டுக் கொடுத்தால், காலையில் அந்தத் துவாரம் வழியாகத் தட்டு உள்ளே வரும். யாரையும் பார்க்காமல், லுங்கியோடு உட்கார்ந்து சாப்பிடலாம். இழுவை எதுவும் இல்லாததால் நெடுஞ்சாலையில் இயல்பான வேகத்தில் போகலாம், பெட்ரோலும் குறைவு. இருட்டுவதற்குள் மட்டும் சேர்ந்துவிட வேண்டும். மாலை மங்கும் நேரத்தில் கங்காரு சாலைக்கு வரும், அதற்கு எந்த வண்டியானாலும் ஒன்றுதான். வரவேற்பறையை எட்டு மணிக்குள் மூடிவிடும் இடங்கள் நிறைய. தாமதமானால் முன்கூட்டியே போன் செய்துவிட்டால் சாவியை உறையில் போட்டு வெளியே வைத்துவிடுவார்கள்.

மோட்டலின் எதிரி சாப்பாடு. சிற்றூர்ப் பப்பில் சமையலறை எட்டு, எட்டரைக்கு மூடிவிடும். திங்கள், செவ்வாயில் பாதிக் கடைகள் திறப்பதே இல்லை. சைவம் என்றால் சிப்ஸும் ஒரு சாலடும். நல்ல வேளையாக, அநேகமாக ஒவ்வோர் ஊரிலும் ஒரு சீன உணவகம் உண்டு, பல இடங்களில் கிளப்புக்குள்ளேயே. சோறும் காய்கறி வதக்கலும் கேட்டால் கொடுப்பார்கள். முதல் இரண்டு நாள் அது பரவாயில்லை. நாலாவது நாள் தயிர்சாதத்துக்காக ஏங்குவீர்கள். அறையில் சமைக்கக் கூடாது என்று பல மோட்டல்களில் எழுதியே போட்டிருப்பார்கள்.

இன்னொன்று, திருவிழாக் காலம். ஜனவரியில் பார்க்ஸில் பாடகர் எல்விஸ் பிரெஸ்லி பெயரில் விழா, அதே மாதம் டாம்வொர்த்தில் கன்ட்ரி இசை விழா. அந்த வாரங்களில் சுற்றுவட்டாரத்தில் மோட்டல் அறை கிடைப்பது குதிரைக் கொம்பு. கேரவன்காரர்களுக்கு மட்டும் எப்படியோ இடம் கிடைத்துவிடும். டாம்வொர்த்தில் பீல் ஆற்றங்கரையையே முகாமாகத் திறந்துவிடுகிறார்கள்.

சரி, கேரவன். இதில் பேச நிறைய இருக்கிறது, ஏனென்றால் தலைவலியும் சுகமும் இரண்டுமே இங்கேதான் அதிகம்.

தலைவலி முதலில், அதுவும் எடை. கார் விளம்பரத்தில் 3,500 கிலோ இழுக்கும் என்று பெரிதாகப் போட்டிருப்பார்கள். அதை நம்பிக் கேரவன் வாங்கப் போகாதீர்கள். காரும் கேரவனும் உள்ளிருக்கும் நீங்களும் சேர்ந்த மொத்த எடைக்கு ஒரு வரம்பு தனியாக இருக்கிறது. ஓர் உதாரணம்: வெறும் எடை 2,100, அதிகபட்சம் 2,500 கிலோ என்று தகட்டில் எழுதிய கேரவன். உங்களுக்கு இருப்பது 400 கிலோ. தண்ணீர்த் தொட்டி இரண்டையும் நிரப்பினால் 180 லிட்டர், அதாவது 180 கிலோ. மீதி 220-இல் காஸ், பந்தல், நாற்காலி, துணிமணி, அரிசி மூட்டை, குக்கர், மிக்ஸி எல்லாம் அடங்க வேண்டும். அப்புறம், கேரவன் எடையில் சுமார் பத்தில் ஒரு பங்கு கொக்கி வழியாகக் காரின் பின்பக்கம் அழுத்தும். இந்த 250 கிலோ காரின் சுமைக் கணக்கில் சேரும். பின் சீட்டில் மூன்று பேர் கூடுதலாக ஏறியது போலத்தான். ஊரை விட்டுக் கிளம்பும் முன் எடை மேடையில் ஒருமுறை ஏற்றிப் பார்ப்பது, வழியில் போலீஸ் நிறுத்தியோ இன்ஷூரன்ஸ்காரர் கேட்டோ தெரிந்துகொள்வதைவிட நல்லது.

2 டன்னுக்கு மேல் போனால் எல்லாச் சக்கரத்திலும் பிரேக் இருக்க வேண்டும், ஓட்டுநர் இருக்கையிலிருந்தே அதை இயக்க முடிய வேண்டும், கொக்கி அறுந்தால் தானாகப் பிடிக்கும் ஏற்பாடும் வேண்டும். மவுண்ட் விக்டோரியா தாண்டி லித்கோ பக்கம் இறங்கும்போது இந்தச் சட்டத்தின் அருமை புரியும். நியூவெலில் எதிரே பெரிய லாரி வந்து கடக்கும் நொடியில் கேரவன் ஒரு தரம் அசையும். வால் ஆட ஆரம்பித்தால் காரின் பிரேக்கை ஓங்கி மிதிக்காமல், ஆக்சிலரேட்டரை மெல்ல விட்டு, கேரவன் பிரேக்கை மட்டும் கையால் லேசாகப் பிடிப்பதுதான் முறை. முன்பாரமாக அடுக்காமல் பின்னால் கனத்தை வைத்தவர்களுக்குத்தான் இந்த ஆட்டம் அதிகம். அதற்காக முழுவதையும் முன்னால் திணித்துவிடவும் கூடாது. கனமானவை சக்கர அச்சுக்கு நேர்மேலே.

டீசலைப் பற்றி மனதைத் திடப்படுத்திக்கொள்ளுங்கள். தனியாக 100 கிலோமீட்டருக்குப் பத்து லிட்டர் குடிக்கும் வண்டி, பெரிய கேரவனை இழுத்தால் பதினாறு, பதினெட்டுக்கு ஏறும். எதிர்க்காற்று அடித்தால் அதற்கும் மேல்.

பிறகு ரிவர்ஸ். கேரவன் பார்க்கில் மாலை நேரத்து இலவச நாடகம் இதுதான். அக்கம்பக்கத்துக்காரர்கள் நாற்காலியைத் திருப்பிப் போட்டுக்கொண்டே உட்காருவார்கள். "ஏங்க, லெஃப்ட்டுன்னா உங்க லெஃப்ட்டா, என் லெஃப்ட்டா?" என்று என் மனைவி கேட்டதற்கு நான் சொன்ன பதில் இங்கே எழுதத் தக்கதல்ல. அதற்குப் பிறகு 'ஓட்டுநர் பக்கம், பயணி பக்கம்' என்று மட்டும் பேசுகிறோம், கை ஜாடைக்குப் பதில் போனை ஸ்பீக்கரில் போட்டுக்கொள்கிறோம். நேராக உள்ளே போய் நேராக வெளியே வரும்படியான இடங்கள் பல பார்க்குகளில் உண்டு. முன்பதிவின்போதே கேளுங்கள். கழிப்பறைப் பெட்டியைக் கொட்டும் வேலை யாருடையது என்பதையும் கிளம்பும் முன்பே பேசி முடித்துவிடுங்கள், அதற்கு மேல் அதைப் பற்றி ஒன்றும் சொல்ல வேண்டியதில்லை.

இவ்வளவுக்கும் பிறகு ஏன் கேரவன் என்றால், ஊரில் இருக்க முடிகிறது என்பதற்காகத்தான். கவ்ராவை எடுத்துக்கொள்ளுங்கள். மோட்டல் பயணி 1979-இல் திறந்த ஜப்பானியத் தோட்டத்தில் ஒரு மணி நேரம் சுற்றிவிட்டுக் கிளம்பிவிடுவார். 1944 ஆகஸ்ட் 5 விடியற்காலையில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஜப்பானியப் போர்க் கைதிகள் முள்வேலியை நோக்கி ஓடினார்கள். 231 ஜப்பானியர்களும் 4 ஆஸ்திரேலிய ராணுவத்தினரும் இறந்தார்கள். அந்த முகாம் இருந்த வெற்று மேடும், அவர்கள் புதைந்திருக்கும் கல்லறைத் தோட்டமும் ஊரின் விளிம்பில் இருக்கின்றன. அவற்றைப் பார்த்த பிறகு மறுநாள் காலையில் தோட்டத்துக்குப் போனால், ஒருகாலத்தில் கைதிகளை அடைத்து வைத்திருந்த ஊர் எதற்காக இப்படி ஒன்றைக் கட்டிக்கொண்டது என்பது புரியும். இதற்கு இரண்டு இரவு வேண்டும். பெட்டியைத் தினம் கட்டுகிறவருக்கு அந்த இரண்டாம் இரவு வருவதில்லை.

மோரியில் இது இன்னும் தெளிவு. 1895-இல் தோண்டிய ஆர்ட்டீசியன் கிணற்றிலிருந்து, அதாவது நிலத்தடி அழுத்தத்தால் நீர் தானாக மேலெழும் கிணற்றிலிருந்து, வெந்நீர் வந்த ஊர். குளிர்காலத்தில் வயதான தம்பதிகள் அங்கே வாரக்கணக்கில் டேரா போடுகிறார்கள். சில கேரவன் பார்க்குகளுக்குள்ளேயே சுடுநீர்க் குளம் இருக்கிறது. மாலையில் கழுத்தளவு வெந்நீரில் உட்கார்ந்தால், பக்கத்தில் இருப்பவர் தன் முழங்கால் ஆபரேஷனில் ஆரம்பித்து நாட்டு அரசியல் வரை வருவார். 1965-இல் பழங்குடி உரிமைப் போராளி சார்லஸ் பெர்கின்ஸும் சிட்னி மாணவர்களும் பஸ்ஸில் வந்து, பழங்குடிப் பிள்ளைகளை உள்ளே விடாத நீச்சல் குளத்துக்கு எதிராக நின்றது இதே ஊரில்தான் என்பதும் அந்தப் பேச்சில் வந்துவிடுகிறது. மோட்டல் அறையில் டிவி பார்த்திருந்தால் எனக்கு அது கிடைத்திருக்காது.

தங்குமிடத்திலும் கேரவனுக்குத்தான் தேர்வு அதிகம். வசதி வேண்டுமானால் பார்க். சிக்கனம் வேண்டுமானால் ஊர்க் கண்காட்சி மைதானம், அதாவது ஷோகிரவுண்ட்: இருபது முப்பது டாலருக்கு மின்சாரமும் குளியலறையும். மாலையில் பராமரிப்பாளர் வந்து பணம் வாங்கிக்கொண்டு, எந்தப் பேக்கரியில் வெனிலா ஸ்லைஸ் நன்றாக இருக்கும் என்பதையும் சொல்லிவிட்டுப் போவார். கண்காட்சி வாரத்தில் மட்டும் இடம் கிடையாது. ஆற்றோரங்களில் சில ஊராட்சிகள் 24 அல்லது 48 மணி நேரம் இலவசமாக நிற்க விடுகின்றன. தனியார் பார்க் வைத்திருப்பவர்களுக்கு இது பிடிப்பதில்லை, அவர்கள் கோபத்தில் நியாயமும் இருக்கிறது. ஓசியில் தங்கினால் டீசலையும் ரொட்டியையும் காய்கறியையும் அந்த ஊரிலேயே வாங்குவது நம் கடமை.

சமையல் கேரவனின் துருப்புச் சீட்டு. தாளிப்பை மட்டும் வெளி அடுப்பில் வையுங்கள், மெத்தையில் ஏறிய வெங்காய வாசனை ஒரு மாதம் போகாது. தெற்கு ஆஸ்திரேலியா பக்கம் திரும்பினால் யாம்பா சோதனைச் சாவடிக்கு முன்பே தக்காளி, பச்சை மிளகாய், பழங்களைத் தீர்த்துவிடுங்கள். பழ ஈ தடுப்புக்காக எல்லாவற்றையும் வாங்கிக் குப்பையில் போட்டுவிடுவார்கள்.

வருடத்தில் இரண்டு வாரம்தான் லீவு என்றால் கேரவனைச் சொந்தமாக வாங்காதீர்கள். பதிவு, இன்ஷூரன்ஸ், நிறுத்தி வைக்கும் வாடகை எல்லாம் வீட்டில் சும்மா நிற்கும்போதும் ஓடிக்கொண்டிருக்கும். தனியாரிடம் வாடகைக்கு எடுங்கள். சிலர் தாங்களே பார்க்கில் கொண்டுவந்து நிறுத்தி, பந்தல் விரித்துக் கொடுத்துவிட்டுப் போகிறார்கள். முதல் தடவைக்கு இதைத்தான் சொல்வேன்: காரில் டப்போ வரை போய், அங்கே நிற்கும் கேரவனில் சில இரவு தங்கி, விலங்குக் காட்சிசாலைக்கு ஒரு நாள் கொடுத்து, மற்ற நாட்களில் பக்கத்து ஊர்களுக்குப் போய் வாருங்கள். பிடித்துப்போய் இழுத்துப் பார்க்க ஆசை வந்தால், இழுவை ஓட்டும் ஒருநாள் பயிற்சியில் இருவருமே சேருங்கள். ஒருவருக்கு மட்டும் ஓட்டத் தெரிந்திருந்தால், அவருக்கு முதுகு பிடித்துக்கொள்ளும் நாளில் இரண்டரை டன் வீடு நின்ற இடத்திலேயே நிற்கும்.